பாடகிக்குத் தொண்டை கட்டியது

பெங்களூர் காக்ஸ் டவுனில் கில்பர்ட் வாத்தியார் வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னால் கிராமபோன் வந்துவிடும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய பெட்டி.

"வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. ஒரு நாள் நின்னதில்ல. அந்தக் காலத்து ஸ்பிரிங், மெயின்டனன்ஸே வேணாம்" என்பார்.

அவர் மனைவி மெர்சி கேட்டுக்கொண்டே காபி ஆற்றுவாள். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அவர் சர்ச் கமிட்டிக்குப் போகும் நாட்களில் மோட்டாரைத் திறந்து, காய்ந்த கிரீஸை வழித்துவிட்டுப் புதிது தடவுவாள். அவர் முழுச் சாவியும் கொடுத்துவிட்டு மறந்துபோனால், இறுகிக் கிடக்கும் ஸ்பிரிங் தளரும்வரை சுழல்தட்டை வெறுமனே ஓடவிடுவாள்.

போன ஈஸ்டரன்று எட்டுப் பேர் முன்னால், "மெர்சிக்கு இதெல்லாம் புரியாது. தொடவே விடமாட்டேன்" என்றார் வாத்தியார்.

அன்றிலிருந்து மெர்சி தொடவில்லை.

டிசம்பர் குளிர் வந்தது. பக்கத்து வீட்டு எரிக் உறவினர்களோடு வந்திருந்தார். பெண் குரலில் ஆரம்பித்த பாட்டு இரண்டாவது அடியில் தளர்ந்தது. மூன்றாவது அடியில் ஆண் குரலாகி, ஒரு முனகலோடு நின்றது.

"இது டூயட்டா சார்?" என்றார் எரிக்.

"பாவம், பனி ஒத்துக்கல போல. அந்தம்மாவுக்கு மிளகு ரசம் வைக்கட்டா?" என்றாள் மெர்சி.

விருந்தாளிகள் போனதும் வாத்தியார் திருப்புளியோடு உட்கார்ந்தார். மெர்சி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க. ஸ்பிரிங் இன்னும் இறுகித்தான் இருக்கு. இப்ப பிரிச்சா விரல் போயிடும்."

தட்டை விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி, கடைசிச் சுற்றுவரை தளரவிட்டாள். பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து வந்தாள். வாத்தியார் டப்பாவைப் பார்த்தார். பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

"கமிட்டி நாள்லயா?"

"கமிட்டி நாள்லதான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பேசறதக் கேக்க நல்லா இருந்துச்சு."

அடுத்த ஞாயிறு எரிக் வந்தபோது பெட்டி ஒழுங்காகப் பாடத் தயாராக இருந்தது. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுக்கு மெக்கானிக் மெர்சிதான். சாவி கொடுக்க மட்டும்தான் எனக்கு பர்மிஷன்."

"எத்தனை சுத்து?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"முப்பது."

"இருபத்தஞ்சு."

வாத்தியார் இருபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டார்.