மணி அடிக்காத வாரம்

போக்குவரத்துக் கழகத்தின் கணினிப் பிரிவில் அவளுக்கு 'கண்டிஷன் அக்கா' என்று பெயர். மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் ஓடும் வேலைகளில் எந்த ஸ்டெப் எப்போது ஓடலாம், எப்போது ஓடக் கூடாது என்று நிபந்தனை போடுவதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. பாத்திரம் கழுவியிருந்தால் டிவி, இல்லாவிட்டால் பாடப் புத்தகம். மகளின் நீச்சல் போட்டிக்குக்கூட ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள்: அப்பா போவார்; அப்பாவுக்கு மதிய ஷிஃப்ட் விழுந்தால் மட்டும் அம்மா வருவாள்.

"ஏதாவது கெட்டுப்போனாத்தான் நீ வருவியாம்மா?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள். பத்து வயதுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போட்டி. மகள் முதன்முறையாக ஐம்பது மீட்டரில் இறங்குகிறாள். பேருந்து ஓட்டுநரான கணவர் புதன் சாயங்காலமே குஷியாக வீடு வந்தார்.

"வெள்ளிக்கிழமை நான் கண்டிப்பா வரேன். ஒரு வாரமா எனக்குத் தினம் காலை ஷிஃப்ட்தான். மேனேஜருக்கு என்மேல அப்படி ஒரு பாசம்!"

"தினமுமா?"

"தினமும்தான். பாவம், என்கூட ஷிஃப்ட் மாத்தி ஓட்டற மீசைக்காரருக்குத்தான் விடாம மதியம். பிள்ளைங்க முகத்தையே பாக்க முடியலன்னு புலம்பறாரு."

ஒரு நாள் காலை, மறுநாள் மதியம் என்று ஷிஃப்டை மாற்றிப் போடும் நிரலை எழுதியவளே அவள்தான். அதில் யாருடைய பாசத்துக்கும் இடம் வைக்கவில்லை.

வியாழன் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் திரையைத் திறந்தாள். பன்னிரண்டு பணிமனைகளுக்கும் பொதுவாக ஒரே புரோசீஜர். ஒருமுறை எழுதி வைத்த அதே ஐந்து ஸ்டெப்பை ஒவ்வொரு பணிமனையின் வேலையும் கூப்பிட்டுக்கொள்ளும். திரட்டுவது, சரிபார்ப்பது, வரிசைப்படுத்துவது, மறுநாள் ஷிஃப்ட் தாளை அச்சடிப்பது ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது ஒரு சோம்பேறி. சரிபார்ப்பில் கோளாறு என்றால் மட்டும் எழுந்து மணி அடிக்கும், மற்ற நாளெல்லாம் தூங்கும்.

போன வெள்ளிக்கிழமை, கோளாறு இருந்தால் அச்சடிக்க வேண்டாம், காகிதம் வீண் என்று கணவரின் பணிமனை மட்டும் கேட்டிருந்தது. அவளும் அந்தப் பணிமனையின் வேலையில், 'கோளாறு என்றால் தாண்டிப் போ' என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். அது அச்சு ஸ்டெப்புக்கு மட்டும் என்று பெயர் குறிக்க மறந்துவிட்டாள். பெயர் குறிக்காத நிபந்தனை புரோசீஜரின் எல்லா ஸ்டெப்புக்கும் போய் ஒட்டிக்கொள்ளும்; அவற்றின் சொந்த நிபந்தனையையும் தூக்கி எறிந்துவிடும். இது தெரியாதவள் இல்லை. தெரிந்தவள் செய்யும் தப்புக்குத்தான் வலு அதிகம்.

அன்றே அந்தப் பணிமனைக்குப் புதுப் பேருந்து ஒன்று வந்து இறங்கியது. அதன் எண் பட்டியலில் ஏறவில்லை. சரிபார்ப்பு தினமும் கோளாறு சொன்னது, அச்சு நின்றது. மணி அடிக்க வேண்டிய ஐந்தாவதும், 'கோளாறா? அப்ப எனக்கு வேலை இல்லை' என்று திரும்பிப் படுத்துக்கொண்டது. தாள் வராவிட்டால் பழைய தாளே செல்லும் என்பது பணிமனை வழக்கம். போன வெள்ளிக்கிழமைத் தாளே பலகையில் ஒரு வாரம் ஆட்சி செய்தது. இந்த லட்சணத்தில், "ஒரு வாரமா ஒரு மணிகூட அடிக்கலையே, பிரமாதம்!" என்று பிரிவுத் தலைவர் அவளுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த டீயை நினைத்தபோதுதான் மானமே போயிற்று.

நிபந்தனையில் அச்சு ஸ்டெப்பின் பெயரைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும். சரியானால் நாளைக்குக் கணவருக்கு மதிய ஷிஃப்ட். சனிக்கிழமை திருத்தினால் என்ன, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இரண்டு நிமிடம் அப்படியும் நினைத்தாள். பிறகு மீசைக்காரரின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 'அச்சு' என்று தட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். மணி அலறியது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பேருந்து எண்ணையும் ஏற்றி மறுபடி ஓட்டினாள். தாள் போய்ச் சேர்ந்தது.

நேரே தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டாள். "அப்ப அந்த டீயைத் திருப்பிக் குடு" என்றார் அவர்.

கணவரிடம் போனில் சொன்னபோது அவருடைய கவலை வேறாக இருந்தது. "அப்ப மேனேஜருக்கு என்மேல பாசமே இல்லையா?"

மீசைக்காரருக்கு வண்டி நிற்கும் இடைவேளை பார்த்து அவளே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எதிர்முனையில் வெடிச்சிரிப்பு. "நீங்களா தங்கச்சி? நான் மேனேஜரை இல்ல திட்டித் தீர்த்தேன்! சரி, ஏழு நாள் ஓட்டினவனுக்கு எட்டாவது நாள் கசக்குமா? நாளைக்கும் மதியம் நானே ஓட்டறேன், உங்க வீட்டுக்காரர் என் காலை ஷிஃப்டை எடுத்துக்கட்டும். பொண்ணு நீந்தப் போறான்னு சொல்லிட்டே இருந்தாரு, போய்ப் பாக்கட்டும். அடுத்த வாரம் முழுக்க எனக்குக் காலை, சொல்லிட்டேன்!"

ஆக, அப்பா போகிறார். ஏற்பாட்டின்படி அம்மாவுக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த ஐந்தாவது ஸ்டெப்பைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். 'கோளாறு என்றால் மட்டும்.' மகள் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நீச்சல் குளத்தில் மகள் மேடையில் ஏறி நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். பக்கத்தில் அம்மாவையும் பார்த்ததும் முகம் வெளிறி, இறங்கிக் கம்பி வரைக்கும் ஓடி வந்தாள்.

"அம்மா! என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லடி. சும்மாதான் வந்தேன்."

மகள் நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். நடுவர் விசிலை எடுத்துவிட்டார், மற்ற பிள்ளைகள் குனிந்தாயிற்று. ஆனாலும் அவள் நகராமல், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, இன்னொரு தடவை கேட்டாள்.

"சும்மாவே வந்தியாம்மா?"