தாயைக் காட்டணுமாம்

எங்கள் வீட்டில் எனக்கு சிஐடி என்று பெயர். வைத்தவர் என் கணவர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்புறம் திருப்பி, டியூப் லைட்டின் கீழே விரித்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கிற சட்டையைத்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். அந்தப் புத்தியை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

அதனால், என் நாத்தனார் அன்றைக்குத் தேன் ஒழுகப் பேசியபோதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை மட்டும் மேடத்தை எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன். பட்டு தனியா கிடந்து ஏங்கிப்போச்சு."

மேடம் என்பது எங்கள் நாய். கோல்டன் ரெட்ரீவர். சோபாவில் அது கால் மேல் கால் போட்டுப் படுக்கிற தோரணையைப் பார்த்து என் கணவர் வைத்த பெயர். பெயர் வைப்பதென்றால் அவருக்கு அப்படியொரு குஷி. பட்டு நாத்தனாருடைய நாய். எங்கள் மேடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே ஜாதியில், அதே நிறத்தில் தேடிப் பிடித்து வாங்கியது. நாத்தனாரை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்கு நாற்பது நெருங்குகிறது. செல்லம் மட்டும் இன்னும் தொட்டிலை விட்டு இறங்கவில்லை.

பட்டுவுக்கு ஒரு வயதுகூட நிரம்பாதபோதே அதற்கு ஜோடி சேர்த்துவிட்டார்கள். "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாம் அண்ணி, நெட்ல போட்டிருக்கான்" என்றாள் பாப்பா. அதுவே குட்டி, அதுக்கு ஒரு குட்டியா என்று நான் வாயை விட்டேன். பிறந்த குட்டிகள் அத்தனையும் விற்றுப்போயின. என்னோடு பேச்சு நின்றுபோனது. அப்படிப்பட்டவள் திடீரென்று வாசலில் வந்து நின்று அண்ணி, அண்ணி என்று உருகினால் நான் என்னவென்று நினைப்பேன்?

"அனுப்பேன், என்ன கெட்டுப்போச்சு?" என்றார் கணவர்.

"உங்க தங்கச்சி சும்மா கேக்க மாட்டா. மேடத்துக்கும் ஜோடி சேக்கப் பாக்கறா."

"மேடத்துக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே! எதை வச்சு ஜோடி சேக்கறது? உனக்கு உன் நிழல் மேலயும் சந்தேகம்."

கர்ப்பப்பை விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் மேடம் திரும்பி வந்தபோது கழுத்தில் ரோஸ் ரிப்பன். உடம்பெல்லாம் ஷாம்பு வாசனை. விளையாடப் போன நாய் அழுக்காக அல்லவா வர வேண்டும்? அடுத்த ஞாயிறும் அதே ரிப்பன், அதே வாசனை. அதற்கடுத்த ஞாயிறு என்னால் பொறுக்க முடியவில்லை. மேடத்தை மல்லாக்கப் போட்டு, தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே முடியை விலக்கி விலக்கித் தடவிப் பார்த்தேன். வயிற்றில், காம்புகளைச் சுற்றி, ஊசியால் இழுத்ததுபோல மெல்லிய கீறல்கள். முடி அங்கங்கே பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பால்பவுடர்.

கர்ப்பப்பை இல்லாத நாயின் மடியில் பால்! கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாப்பா கை தவறி எதையாவது கொட்டியிருப்பா" என்றார். கை தவறிக் கொட்டுகிற பால் நாயின் அடிவயிற்றுக்கு எப்படிப் போகும் என்று அவர் யோசிக்கவில்லை. தங்கை விஷயத்தில் அவருக்கு மூளை லீவு.

மறுநாள் காலை மேடத்தோடு நடந்துகொண்டிருந்தேன். எதிரே குடை பிடித்து வந்த ஓர் அம்மா சட்டென்று நின்றார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது லக்கியோட அம்மாதானே? நீங்களும் அந்த வீட்டு ஆளா? எத்தனை தடவை போன் பண்றது! குட்டி வாந்தியா எடுக்குது, ரத்தமா போகுது, ஆஸ்பத்திரில கிடக்கு. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுன்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

"யாரும்மா லக்கி? நீங்க யாரு?"

அவர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். படத்தில் பாப்பா வீட்டு ஹால். அந்தக் கோடு போட்ட திரைச்சீலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். நடுவில் ரோஸ் ரிப்பனோடு எங்கள் மேடம் மகாராணியாகப் படுத்திருந்தது. அதன் வயிற்றை நாலைந்து குட்டிகள் முட்டி முட்டி நக்கிக்கொண்டிருந்தன.

"குட்டி வாங்கினா தாயைப் பாத்துத்தான் வாங்கணும்னு சொன்னாங்க. கேட்டேன், காட்டினாங்க. தாய் இவ்ளோ ஆரோக்கியமா இருக்கேன்னு நம்பி வாங்கினேன்" என்றார் குடைக்காரம்மா.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். செக்கிங் மேசையில் நான் பார்க்கிற பார்வை அது. ஊரையே சந்தேகப்படுகிற என்னை ஒருத்தி சந்தேகப்படுகிறாள்! அவமானமாக இருந்தது. நடுத்தெருவில் மேடத்தை மல்லாக்கப் போட்டுத் தழும்பைக் காட்டினேன்.

"பாருங்க, கர்ப்பப்பையை எடுத்து வருஷக்கணக்காச்சு. இது யாருக்கும் அம்மா இல்ல. என் நாத்தனார் இதை இரவல் வாங்கிட்டுப் போய், வயித்துல பால்பவுடரைத் தடவி, உங்க காதுல பூ சுத்தியிருக்கா."

"அப்போ நிஜமான அம்மா எங்க?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்குப் பட்டுவின் நினைப்பே வந்தது. இத்தனை நாளும் மேடத்தை என்ன செய்கிறார்கள் என்றே குடைந்துகொண்டிருந்தேன். பட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெரிய சிஐடி!

நேரே பாப்பா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த பாப்பாவின் கணவர், குடைக்காரம்மாவைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்தினார்.

"பட்டு எங்க அண்ணா?" என்றேன்.

"தூங்குது" என்றார் அவர்.

"குளிக்குது" என்றாள் பாப்பா, உள்ளேயிருந்து, அதே நேரத்தில்.

தூங்கிக்கொண்டே குளிக்கிற நாயை நான் பார்த்ததில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வீடு முழுக்க பினாயில் நெடி. ஹாலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் மிச்சக் குட்டிகள், பக்கத்தில் பால்பவுடர் டப்பா. மேடம் என்னை இழுத்துக்கொண்டு சமையலறையைத் தாண்டி ஓடி, பின்பக்க பால்கனிக் கதவைப் பிராண்டியது.

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பழைய மிதியடி மேல் பட்டு கிடந்தது. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மடி வீங்கிக் கன்றியிருந்தது. பின்னங்கால் முடியெல்லாம் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. தொட்டேன், அனலாகக் கொதித்தது. என்னை அடையாளம் கண்டு வாலை மெல்லத் தரையில் தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது எத்தனாவது ஈத்து?"

"மூணாவது" என்றாள் பாப்பா, வாய்க்குள்ளேயே.

"டாக்டர்கிட்ட ஏன் காட்டல?"

"திட்டுவாங்கன்னு பயம் அண்ணி. தானா சரியாயிடும்னு நெனச்சோம். இதைக் காட்டினா குட்டியை யாரு வாங்குவா, சொல்லுங்க?"

போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு, லக்கி கிடந்த ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். பாப்பாவும் ஜோடி மாறிய செருப்போடு பின்னால் வந்தாள்.

டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இப்பவே எடுத்தாகணும். எடுத்தாலும் பிழைக்குமான்னு தெரியாது" என்றார்.

பாப்பா விசும்பிக்கொண்டே கேட்டாள். "எடுத்துட்டா அப்புறம் குட்டி போடாதா டாக்டர்?"

கையுறையை மாட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா அப்படியே நின்றார். "யாரு இந்த நாயோட ஓனர்?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். குடைக்காரம்மா வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான். என் நாய். எடுத்துடுங்க."

பாப்பாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று என் கணவர் எல்லோரிடமும் பெருமையடிக்கிறார். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் நாயைத் தன் நாய் என்று அவள் ஊருக்குக் காட்டலாம் என்றால், அவள் நாயை என் நாய் என்று நான் சொல்லக் கூடாதா?

டாக்டரம்மா என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். "இது என்ன நாயா, மெஷினா? உங்களை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் நாயைக் கண்ணுலயே காட்டக் கூடாது." சரி டாக்டர், சரி டாக்டர் என்று கேட்டுக்கொண்டேன். காது சுட்டது. பாப்பா பக்கத்திலேயே நின்றாள். அண்ணியைத் திட்டாதீங்க, அது என் நாய் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று கடைசி வரை பார்த்தேன். சொல்லவில்லை.

பட்டு பிழைத்துக்கொண்டது; நேரே எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். லக்கி பிழைக்கவில்லை. குடைக்காரம்மா இப்போதும் அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு வந்து, பட்டுவைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆபரேஷனுக்கு அடுத்த ஞாயிறு பாப்பா வந்தாள். அவள் குரல் கேட்டதும் பட்டு தள்ளாடி எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் போனது. ரோஷமே இல்லாத பிறவி. பாப்பா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிஜமாகவேதான் அழுதாள். எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது.

"எப்போ அண்ணி கூட்டிட்டுப் போகலாம்?"

"யாரு நாயை?" என்று கேட்டேன்.

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். பிறகு, "அப்போ மேடத்தையாவது ஒரு அரை மணி நேரம் அனுப்புங்க அண்ணி. கடைசிக் குட்டியைப் பாக்க இன்னிக்கு ஆள் வராங்க. தாயைக் காட்டணுமாம்" என்றாள்.

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"தாயைத்தானே பாக்கணும்?" என்றேன். "இங்க வரச் சொல்லு, காட்டறேன்."

பட்டுவை மெதுவாகத் தூக்கி, சோபாவில் மேடத்தின் பக்கத்தில் படுக்க வைத்தேன். வாசலில் நுழைகிறவர்களுக்கு அந்த மழித்த வயிறும் தையலும் நன்றாகத் தெரிகிற பக்கமாக.