உக்கிரபாண்டி உட்கார்ந்த கேரியர்

மருதுபாண்டியின் மோட்டார் சைக்கிளுக்கு வாவு முகம்மது கேரியர் பொருத்திக் கடைசி நட்டை முடுக்கியதும், இறந்து மூன்று வருடமாகியிருந்த உக்கிரபாண்டி வந்து அதன்மேல் உட்கார்ந்தார். பின் டயர் ஆள் பாரத்துக்கு அமுங்கியது. 1954ஆம் வருடம் வைகாசியில் ராமநாதபுரத்துப் பட்டறையில் இது நடந்தது. வண்டி, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்டது. உக்கிரபாண்டி மருதுபாண்டியின் தகப்பனார். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் வகையறாவுக்கே மூத்தவர். உயிரோடு இருந்த காலத்தில் எவர் முதுகையும் பார்த்துக்கொண்டு பயணம் போனவரல்ல. ஆகவே மகனுக்குத் தம் முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்தார்.

"அய்யா, நீங்க எப்படி இங்கன?" என்றார் மருதுபாண்டி.

"பேத்திக்குக் காது குத்துறீக. செத்தவனுக்கு ஒரு வெத்தலை பாக்கு வைக்கக்கூடாதாலே?"

பேத்தி பூமயில், நாலு வயது. உக்கிரபாண்டியின் மகள் இருளம்மாளுக்கும், பாம்பன் தீவின் அக்காள்மடத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த கூத்தையாவுக்கும் பிறந்தவள். தாய்மாமன் சீர் வந்து இறங்கினால்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார். மருதுபாண்டி கேரியர் போட்டதே அந்தச் சீரைக் கொண்டுபோகத்தான். ஆனால் அக்காள்மடத்தில் நடந்த மகள் கல்யாணப் பந்தியிலேயே உக்கிரபாண்டி, இந்த ஊர் மண்ணை என் கால் மிதிக்காது என்று சபதம் செய்திருந்தார். இலையில் அப்பளம் வைக்காததால் என்று வெளியில் பேசுவார்கள். அப்பளமல்ல காரணம், அப்பளம் தீர்ந்துவிட்டது என்று சொன்ன விதம். பேத்தி பிறந்தும் போய்ப் பார்க்கவில்லை. பாராமலேயே இறந்துபோனார்.

கேரியரில் உட்கார்ந்து போனால் சபதம் கெடாது. ஆனால் அவர் நெடிய உருவம். பாதம் இரண்டும் தரையில் உரசின.

"பெரியவரே, காலை மடக்கி உட்காருங்களேன்," என்றார் வாவு முகம்மது.

"சம்பந்தி வீட்டுக்குக் காலை மடக்கிக்கிட்டுப் போக வேற ஆளைப் பாரும் பாய்."

வாவு முகம்மது பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஆங்கிள் இரும்பில் சட்டம் வளைத்து, தகரத்தில் இரண்டு பெட்டிகள் செய்து மாட்டினார். சீரில் வெல்லம் உண்டென்பதால் வலது பெட்டியைச் சைலன்சர் சூடு படாமல் எட்டவே வைத்தார். சேலை, பாவாடை, தோடு, தேங்காய், வெல்லம் எல்லாம் உள்ளே போயின. மூடிகள் மேல் பாதத்துக்கு ஒன்றாக ஊன்றி உக்கிரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் திருப்தி. தீவுக்குப் பாலத்தில் ரயில் மட்டுமே போகும் என்பதால் மண்டபத்தில் வண்டியை ரயிலேற்றினார்கள். அவரைச் சாமான் கணக்கில் ஏற்றியதாகப் பாம்பனில் இன்றும் சொல்கிறார்கள். பொய். ரயில் கார்டு வந்து டிக்கெட் கேட்டது உண்மைதான். செத்தவர் எந்த வகுப்பில் போக வேண்டும் என்று கார்டுக்கே தெரியாததால், மோட்டார் சைக்கிளின் ஓர் உறுப்பாகவே உக்கிரபாண்டி ஏற்றப்பட்டார்.

அக்காள்மடத்தில் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பந்தலுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் அவர் முகமும் இரண்டு பாதங்களும் சம்பந்திகளை நோக்கி இருக்கும். பெண்கள் குலவையிட்டார்கள். சீரை எடுக்க மூடியில் கைவைத்த பிறகே மருதுபாண்டிக்கு விஷயம் விளங்கியது. மூன்று பேர் சேர்ந்து தூக்கியும் அந்தக் கால்கள் அசையவில்லை.

"அய்யா, காலை எடுங்க."

"எடுத்து எங்கன வைக்க?"

கூத்தையா ஓடிப்போய் ஒரு பலகை கொண்டுவந்து போட்டார்.

"பலகை யாரு வீட்டுது?"

"நம்ம வீட்டுதுதான் மாமா."

"அப்ப வேண்டாம்."

முகூர்த்தம் போகிறது என்றார் ஆசாரி. கூத்தையாவின் தாயார் மீனம்மாள், "சீரு பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். பெட்டிக்கே காது குத்திருவோம்," என்றாள். பந்தல் சிரித்தது. பிறந்த வீடு கைவீசி வந்தது என்ற பேச்சு இனி ஆயுசுக்கும் ஓயாது என்று இருளம்மாளுக்குத் தெரியும். அவள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் தென்னை மரங்களைப் பார்த்தார்.

ஊசியைக் கண்ட பூமயில்தான் ஓட்டமெடுத்தாள். பந்தலில் ஒளிய வேறு இடமில்லாததால் பெட்டியைப் பிடித்து ஏறி, முன்பின் பார்த்திராத அந்தப் பெரியவர் மேல் போய் உட்கார்ந்தாள். கால்கள் கீழ்நோக்கி விறைத்திருந்ததால் சறுக்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் சறுக்கினாள். அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு, "விழுந்துருவேன்," என்று சிணுங்கினாள். உக்கிரபாண்டி இரண்டு கால்களையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். மடக்கினார் என்று எங்கள் வகையறாவில் யாரும் சொல்வதில்லை. பேத்திக்கு மடி கொடுத்தார். மூடிகள் திறந்தன. வெல்லம் உருகாமல் இருந்தது. காது குத்தும்போது மாமன் மடி என்பதுதான் முறை. குத்தியது தாத்தா மடியில்; மருதுபாண்டி வண்டி சாயாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முறை தப்பியதாக எவரும் சொல்லவில்லை.

அழுது களைத்த பிள்ளை அந்த மடியிலேயே தூங்கிவிட்டது. எஞ்சினைக் கிளப்பினால் விழித்துவிடும் என்று உக்கிரபாண்டி கண்ணைக் காட்டியதால் மருதுபாண்டி ரயிலில் ஊர் திரும்பினார். அடுத்த வாரம் வண்டியெடுக்க வந்தபோதும் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் அவர் வண்டியைக் கேட்கவில்லை; சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டார். பந்தலைப் பிரித்த பிறகு கூத்தையா வண்டிக்கு மேல் கீற்றுக்கொட்டகை போட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் உக்கிரபாண்டி பழையபடி காலை மூடிகளில் ஊன்றிக்கொண்டார். எலி புகாத பெட்டிகள் என்பதால் இருளம்மாள் ஒன்றில் புளியும் மற்றதில் மிளகாய் வற்றலும் வைத்திருக்கிறாள். உலை கொதிக்கும் நேரத்தில் வந்து, "அய்யா, இடது காலு," என்பாள். அவர் எடுத்துவிடுவார்.