மஞ்சள் ஏறாத குழி

மூன்றாம் முறையும் அக்காவின் ரத்தம் என்னைக் கைவிட்டது.

முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனையை எங்கள் ஆய்வகம் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். உடம்பு தன் மூட்டையே எதிரியாக நினைத்துத் தயாரிக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால், குழியில் மஞ்சள் ஏறும். அக்காவின் குழி வெறும் தண்ணீராகவே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் அக்கா. விரல் முட்டிகள் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மருத்துவர் கையைப் பார்த்ததுமே இந்த நோய்தான் என்றார். மாத்திரையைத் தள்ளிப்போட்டால் விரல்கள் கோணிவிடும் என்றும் சொன்னார். அத்தான் கேட்டால்தானே. என் பரிசோதனையில் முதல்முறை 'இல்லை' என்று வந்ததை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி டெஸ்ட்டே ஒண்ணுமில்லன்னு சொல்லுது. வேலை செய்ய உடம்பு வணங்கலன்னு நேராச் சொல்லிட்டுப் போயேன்" என்றாராம்.

இந்த நோய் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஆன்டிபாடி இருக்காது என்று போனில் அவரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன்.

"அப்போ உன் டெஸ்ட் டுபாக்கூரா?"

"இல்ல அத்தான், அது வந்து..."

"டுபாக்கூர் இல்லன்னா அவளுக்கு நோய் இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வாயில் நன்றாக வந்தது. அக்கா வாழ்கிற வீடு என்று விழுங்கிக்கொண்டேன்.

இப்போது அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இருக்குன்னு ஒரே ஒரு தடவை எழுதிக் குடேன்டி. மாத்திரை சாப்பிட விடுவாரு."

"பொய் எழுதச் சொல்றியாக்கா? என் வேலையே போயிடும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் தட்டையே பார்த்தாள். மற்றவர்களின் குழிகளில் மஞ்சள் தகதகத்தது. வேலையாவது மண்ணாவது என்று பேனாவை எடுத்தேன்.

"சரி, எழுதித் தரேன்."

"வேண்டாம்டி." அக்கா என் கையைத் தடுத்தாள். "மூணு தடவையும் இல்லன்னுதானே வருது. நீ செஞ்சது தப்பா இருக்காது. எனக்கு நிஜமாவே வலிக்கலையோ என்னவோ."

குத்திக்காட்டத்தான் சொல்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. அவள் முகத்தில் உண்மையான சந்தேகம் இருந்தது.

"நான் கிளம்பறேன்" என்று வாசல்வரை போனாள். கதவின் கைப்பிடியைத் திருக விரல்கள் மடங்கவில்லை. நான் வந்து திறக்கும்வரை அப்படியே நின்றாள்.