பங்கஜத்தின் கணுக்கால்

“தொடாதம்மா! கத்தி வைக்கதுக்கு முன்னால நான் சொல்லதக் கேளு!”

பங்கஜம் போட்ட சத்தத்தில் நர்ஸ் கையிலிருந்த தட்டு ஆடியது. பாதத்தில் சர்க்கரைப் புண். சுத்தம் செய்வதற்காகக் கணுக்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டு வெகுநேரம் ஆகியும், உள்ளங்காலில் பாதி மரக்கவே இல்லை.

மகள் கீர்த்திக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். நர்ஸுகள் பயம் என்றார்கள். அண்ணன் ராம்குமார் ஒரு படி மேலே போய், “அம்மாவுக்கு ஊசின்னாலே டிராமா” என்று தன் தி.நகர் ஜவுளிக்கடை முழுக்கப் பரப்பிவிட்டான். இதய டாக்டர் ஏற்கெனவே கைவிரித்தாயிற்று. நடிப்புக்காரி என்ற பேரோடு அம்மா போய்விடக் கூடாதே என்பதுதான் கீர்த்தியின் கவலை.

அன்று வந்தவள் மஹ்விஷ் என்ற இளவயது மயக்க மருந்து டாக்டர். அவள் வாதாடவில்லை. ஸ்கேன் கருவியைக் கணுக்காலில் வைத்து மெல்ல மேலே நகர்த்தினாள். சட்டென்று சிரித்தாள்.

“ஆன்ட்டி, நிறைய பேருக்கு இந்த நரம்பு கணுக்கால்கிட்ட வந்துதான் ரெண்டாப் பிரியும். உங்களுக்கு ரொம்ப மேலயே பிரிஞ்சிருக்கு. ஊசி ஒரு கிளைக்குத்தான் போயிருக்கு. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை.”

“சொன்னேம்லா!” பங்கஜம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கீர்த்தி, ஒங்க அண்ணனுக்குப் போனப் போடு. டாக்டரம்மா, அதே வார்த்தைய அவன்ட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல!”

மஹ்விஷ் சொன்னாள். வார்டே காது கொடுத்துக் கேட்டது.

அடுத்த ஊசி இரண்டு கிளைகளையும் பிடித்தது. புண்ணைச் சுத்தம் செய்யச் செய்ய, பங்கஜம் பக்கத்துக் கட்டில்காரிக்கு மீன்குழம்புப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காபி கேட்டாள். கீர்த்தி வாங்கி வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை கோட்டூர்புரம் வீட்டில் சித்தி கட்டிக்கொண்டு அழுதாள். “கடைசில என்ன பாடு பட்டாளோ!”

“ஒரு பாடும் படல சித்தி. ஜெயிச்சிட்டுத்தான் போனாங்க.” அழுகையோடு பெருமையும் பொங்கியது கீர்த்திக்கு.

வாசலில் கடைக் கணக்குப்பிள்ளை சந்திரமௌலி மாலையோடு வந்து நின்றார். ராம்குமார் அவரை நாற்காலியில் உட்காரவைத்தான். வேட்டியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தன் கணுக்காலில் விரலை வைத்தான். காலையிலிருந்து அவர் எத்தனையாவது ஆளோ.

“நமக்கெல்லாம் இங்க சார். அம்மாவுக்கு, பாருங்க, இவ்ளோ மேல.”