வெள்ளையாக விட்ட இடம்

என் கணவர் நிஸ்தார் மௌத்தானபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்த பெண்களெல்லாம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு முற்றத்தில் நின்று, "ஸக்கியாட மனசு கல்லு" என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டார்கள். பேசட்டும். என் நெஞ்சுக்குள் இருந்தது கோபம். ஒரு கெட்ட வார்த்தை பேசாத, வேளைக்கு வீட்டுக்கு வருகிற மனிதர் மேல் எனக்கு என்ன கோபம்? அது எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வெளியே இறங்காமல், நகை நட்டுப் போடாமல், வெள்ளை உடுத்து, பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம். நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

மகள் பஸ்னா சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறவள். ஒரு நாள் பலகை அட்டைகளும் பசையும் நிறப் போத்தல்களும் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினாள். அரூப ஓவியமாம். ஆள் வேண்டாமாம், மிருகம் வேண்டாமாம். கையில் அகப்பட்ட துணியையும் தாளையும் ஒட்டி மேலே நிறம் பூசினால் போதுமாம்.

"யோசிக்காம ஒட்டுங்க உம்மா. உங்கட உள்ளுக்கு என்ன ஈக்கிண்டு அது காட்டும்."

"உள்ளுக்கு கேஸ்ட்ரைட்டிஸ்தான் ஈக்கி. அத டொக்டர் காட்டிட்டார்."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் அட்டையைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். ஆனால் பொழுது போகவில்லையே. முதலில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கிழித்து ஒட்டினேன். பிறகு பழைய சீத்தைத் துணி, தேயிலைச் சாயத்தில் ஊறிய பத்திரிகை, அறுந்த சாக்கு நூல். மேலே காவியும் கறுப்பும் பூசினேன். பூசியது பிடிக்காமல் கரண்டியால் சுரண்டினேன். சுரண்டும்போது ஒரு நிம்மதி வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். சோறு கரிந்துகூடப் போனது.

மூன்று அட்டைகள் முடிந்ததும் பஸ்னா அவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"வாப்பாட சாமான் ஒண்டும் ஒட்டல்லயா?"

"அவருட என்னத்த ஒட்டுற? வெள்ளிக்கெழமச் சாரன்ட சேத்தயா?"

அது எங்கள் வீட்டில் பழைய சண்டை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளைச் சாரன் உடுத்துப் போவார். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் செம்மண். "பள்ளிக்குள்ள வயலா உழுறீங்க?" என்று ஏசுவேன். "வழி சறுக்கல்" என்று மட்டும் சொல்லுவார். சவுக்காரம் போட்டுத் தேய்த்தே என் விரல்கள் தேய்ந்தன.

பஸ்னா சிரிக்கவில்லை. மூன்று அட்டைகளிலும் கீழ்ப்பக்கம் விரலை வைத்தாள்.

"இந்த எடத்த மட்டும் ஏன் வெள்ளயாவே உட்டீக்கீங்க?"

பார்த்தேன். மூன்றிலும் ஒரே இடம், ஒரு முழம்கூட வராத நீளம், சுற்றிலும் நிறம் வந்து நின்றிருந்தது. நான் நினைத்து விட்டதல்ல. வாய் தானாகவே சொன்னது.

"அது ஒண்ட தாத்தா."

தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. பஸ்னாவுக்கு அப்படி ஒருத்தி இருந்தாள் என்று அன்றுதான் அவளுக்குத் தெரியும். முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் பிறந்து, மூச்சடங்கி, வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டுப் போய்விட்டாள். நிஸ்தார்தான் கொண்டுபோய் அடக்கினார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. "எங்க வச்சீங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். பதில் சொல்லாமல் எழும்பி வெளியே போனார். எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. தெரிந்துதான் என்ன செய்யப் போகிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்து பஸ்னா பிறந்தாள். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கோபத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. என் பிள்ளை இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாமல் தன்னோடு கொண்டுபோய்விட்டாரே அந்த மனிதர். மகளின் மடியில் விழுந்து அழுதேன். அந்த மூத்தவளுக்காக அழுதேன், நிஸ்தாருக்காக அல்ல. அந்த இடத்தை அறியாமல் எனக்கு இனி மௌத்தே வரக்கூடாது என்று தோன்றியது.

அடுத்த நாள் நிஸ்தாரின் தம்பி, அண்ணனை நானா என்று கூப்பிடுகிற அஸ்ஃபர், மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஹோலில் கதிரையில் இருந்தார். நான் அறைக்குள், கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி, எண்ட மூத்த புள்ளய எங்க வச்சண்டு ஆருக்காவது தெரியுமா?"

அவர் கதிரையைச் சீலைப் பக்கம் திருப்பினார்.

"என்ன மதினி, உங்களுக்குத் தெரியாதா? நானும் நானாவும்தானே கொண்டு போன. மேட்டு மையவாடில, பலாமரத்தடில. அந்த எடத்த வேற ஆருக்கும் தோண்ட உடல்ல நானா. ஜும்ஆ முடிஞ்சா நேரா அங்கதான். புல்லுப் புடுங்கி, முழங்கால் குத்தி இருந்து யாசீன் ஓதிட்டுத்தான் ஊட்டுக்கு வார."

"ஒவ்வொரு கெழமயுமா?"

"ஒரு கெழம உட்டதில்ல. உங்களுக்கிட்டச் சென்னா நீங்க தாங்க மாட்டீங்கண்டு சென்னார். புள்ளட பக்கத்துலதான் தன்னயும் வைக்கச் சென்னார். அங்கதான் வச்சம், மதினி."

அவர் போகும் வரையில் சத்தம் காட்டாமல் நின்றேன்.

பிறகு அலுமாரியைத் திறந்தேன். நிஸ்தாரின் மற்ற உடுப்புகளையெல்லாம் இல்லாதவர்களுக்கு ஸதக்காவாகக் கொடுத்தாயிற்று. கடைசி வெள்ளிக்கிழமை உடுத்த சாரன் மட்டும் ஏனோ மிஞ்சியிருந்தது. அவர் அதைக் கழற்றிப் போட்டபோதும் ஏசினேன். ஏசிக்கொண்டேதான் துவைத்தேன். மறுநாள் விடிய அவர் எழும்பவில்லை.

"உம்மா, அந்த ஓரத்த வெட்டித் தாங்க. வெள்ள எடத்துக்குப் பக்கத்துல ஒட்டுவோம்" என்றாள் பஸ்னா.

நிலத்தில் உட்கார்ந்து சாரனை மடியில் விரித்தேன். நிஸ்தாருக்காக அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என் பிள்ளையின் மண் கிழமைக்குக் கிழமை என் கைக்கு வந்திருக்கிறது. நான் அதைக் கழுவிக் கழுவிச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றியிருக்கிறேன். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் போட்ட வெள்ளை. தையலுக்குள்ளாவது ஒரு பொட்டு மண் இருக்காதா என்று நகத்தால் கிளறினேன். இல்லை. நான் நன்றாகத் துவைக்கிறவள்.