செருப்பு மாட்டினால் ஓடிப்போகும் தலைவலி

தினமும் காலையில் டிரைவர் தன் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கட்டையால் சக்கரங்களைத் தட்டிக் காது கொடுப்பார். புகைக்குழாயின் வாயில் விரலை விட்டு, எவ்வளவு கரி ஒட்டுகிறது என்றுகூடப் பார்ப்பார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்டாட்டியக்கூட நீ இவ்வளவு பாத்திருக்க மாட்டே" என்று கண்டக்டர் சீண்டுவார்.

"வண்டி வாய் திறந்து சொல்லாதுப்பா. நாமதான் கேக்கணும்."

வாய் திறந்து சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்தாள். மலையூர்க் குளிருக்காக முன்னறையில் எரியும் இரும்பு விறகடுப்புக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, நாளெல்லாம் ஊரார் துணியைத் தைக்கும் அவர் மனைவி.

"என்னங்க, அடுப்பு சரியில்ல. தீ சோம்பேறித்தனமா எரியுது. அடுப்புக் கதவுக் கண்ணாடி முழுக்கக் கரி. பக்கத்துல உக்காந்தாலே தலைய வலிக்குது. புகைக்குழாயக் கழட்டிப் பாருங்களேன்."

"கடைக்குப் போறப்ப வலிக்குதா?"

"இல்ல."

"அது என்னம்மா தலைவலி, செருப்ப மாட்டினா ஓடிப்போயிடுது? தைக்கப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடு."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். அவருக்கே பாவமாகிவிட்டது. குளிர்காற்றுதான் அவளைப் படுத்துகிறது என்று முடிவுகட்டி, அன்று மாலையே ஜன்னல் இடுக்கெல்லாம் கந்தல் துணி திணித்தார். சுவரில் இருந்த காற்றுத் துளையை அட்டை வைத்து ஒட்டினார். ஏதோ பெரிய நல்லது செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

மறுநாள் அவருக்கு விடுமுறை. தைத்த துணிகளைக் கொடுத்துவரக் கிளம்பிய மனைவி, "ஜன்னலக் கொஞ்சம் திறந்து வைங்க" என்றாள். "சரி சரி" என்றவர், அடுப்பில் இன்னும் இரண்டு ஈர விறகைத் திணித்துவிட்டு, அவள் செருப்பு மாட்டுவதற்குள் அவளுடைய நாற்காலியில் சாய்ந்தார்.

முதலில் நெற்றியை யாரோ துணியால் இறுக்குவது போலிருந்தது. பிறகு இறுக்கம் மெல்லக் கரைந்தது. மெஷினில் கிடந்த துணியின் நீலப் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்து தரையில் உதிர்ந்தன. தரை தண்ணீராயிருந்தது. அவருடைய பஸ் சக்கரமில்லாமல் ஜன்னலைத் தாண்டி மிதந்து வந்தது. ஏறிக்கொண்டார். பயணிகள் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். கடைசி நிறுத்தத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிரேக்கை மிதிக்க நினைத்தார். கால் எங்கேயோ தொலைவில், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. நிற்காமல் இப்படியே போய்விட்டால்தான் என்ன? எவ்வளவு சுகமாக இருக்கிறது!

சலீரென்று வானம் உடைந்தது. குளிர் முகத்தில் அறைந்தது.

கண் விழித்தபோது வாசற்படியில் கிடந்தார். மனைவி அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடி வந்து, இஸ்திரிப் பெட்டியால் ஜன்னலை உடைத்து, அவரை இழுத்து வந்திருந்தாள். கீழ்வீட்டு நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"புகை வெளிய போகலேன்னா, வாசனையே இல்லாத விஷம் ரூமுக்குள்ள சேரும். தூக்கம் மாதிரிதான் வரும்ணே. ரெண்டு பேரும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அண்ணி தினமும் இதுலயா உக்காந்திருந்தாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். "பாதியில எப்படி வந்தே?"

"தெருமுனையில வழக்கம்போலத் தலைவலி விட்டுப்போச்சு. என் நாற்காலியில இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களேன்னு அப்பத்தான் தோணுச்சு. ஓடி வந்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, ஆறிக் கிடந்த அடுப்பின் குழாயைக் கழற்றினார். உள்ளே தார் பூசியது போலக் கரி இறுகி, விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து இறக்கினார். சாம்பலை அள்ளினார். அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கும் நைந்துபோன கயிற்றை மாற்றினார். துளையை மூடிய அட்டையைக் கிழித்தார். கந்தல்களைப் பிடுங்கினார்.

"இவ்வளவு அடைச்சிருக்கே" என்று முணுமுணுத்தார்.

"குழாய் அடைச்சிருந்தது உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். உங்க காது அடைச்சிருந்தது எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்."

கரி படிந்த முகத்தோடு அவர் நிமிர்ந்தார். "வாய் இல்லாத வண்டிகிட்ட குனிஞ்சு குனிஞ்சு கேட்டேன். நீ வாய் விட்டுச் சொன்னே, கேலி பண்ணினேன். வீட்டுல ஒருத்தர் வலிக்குதுன்னா முதல்ல நம்பணும். அப்புறம் உடனே எழுந்து, எங்க கோளாறுன்னு பாக்கணும். அதை நான் செய்யலம்மா."

காய்ந்த விறகு போட்டதும் தீ நிமிர்ந்து பளிச்சென்று எரிந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

"இப்ப தலை எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதில் வரும்வரை, சக்கரத்தைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பவரைப் போல அசையாமல் நின்றார்.